அப்பா விழித்திருக்கும் நேரம்

என் மகள் முதல் வகுப்புக்குப் போன அன்று நான் ஆலையிலிருந்து நேராகப் பள்ளிக்குப் போனேன். எனக்கு வருடக்கணக்காக இரவு வேலைதான், பகலில் தூக்கம். அன்று குளிக்க மட்டும்தான் நேரம் இருந்தது. இரவெல்லாம் கற்கரி அடுப்புகளின் மேல்தளத்தில் நின்றவன் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் இமையோரத்தில் கரி தங்கிவிடும். உடைமாற்றும் அறையில், கூட வேலை செய்யும் பியேட்டர் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னடா ஆகிம், கண்ணுக்கு மையெல்லாம் தீட்டியிருக்க? பொண்ணுக்குப் பள்ளிக்கூடமா, உனக்குக் கல்யாணமா?"

"வயித்தெரிச்சப்படாத. உன் மூஞ்சிக்கு மை பத்தாது, தாருதான் ஊத்தணும்."

என் அலமாரியில் டீட்டா சாய்ந்து நின்றது. போலந்தின் சிலேசியப் பகுதியில் இருக்கும் எங்கள் ரூடாவில் முதல் வகுப்புக்குப் போகிற பிள்ளை டீட்டா இல்லாமல் போகாது. பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குக் கூம்பாகச் சுருட்டிய அட்டை, வாய்வரை மிட்டாய். வார்சாவிலிருந்து வந்து குடியேறியவர்கள்கூட இப்போது கடையில் இளவரசி படம் போட்டதை வாங்கித் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் கடையில் வாங்கவில்லை. எங்கள் சிலேசியக் கொடியின் நிறத்தில், மஞ்சளும் நீலமுமாக, நானே ஒட்டினேன். மேலே சாக்லேட். அடியில் சுரங்கக்காரர்கள் தொண்டைக்கு அடக்கிக்கொள்ளும் கறுப்பு மிட்டாய்.

பியேட்டர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான்.

"அங்க போய் ரொம்ப நேரம் நிக்காத. போட்டோ எடுத்தோமா, வந்து படுத்தோமான்னு இரு."

"ஏன்?"

"சும்மாதான்டா. தூக்கம் கெட்ட மூஞ்சி, புள்ளைங்க பயந்துக்கும்."

அவன் மகனும் என் மகள் லின்காவும் ஒரே பாலர் பள்ளியில் இருந்தவர்கள். நான் அதை யோசிக்கவில்லை.

என் மனைவி பெர்னடேட்டாவை நான் முதலில் பார்த்தது ஒரு கையெழுத்து மேசைக்குப் பின்னால். சிலேசியத்தை மொழி என்று சட்டத்தில் ஏற்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அப்போதுதான் பல்கலைக்கழகத்தை விட்டிருந்தேன். வாய்மொழித் தேர்வில் என் சிலேசிய உச்சரிப்பைக் கேட்டுப் பேராசிரியர் பாதியில் நிறுத்தி, எந்தச் சந்தையிலிருந்து வருகிறாய் என்று கேட்டார். அறை முழுக்கச் சிரித்தது. நான் எழுந்து வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை. அதற்காக இன்றுவரை அழுததில்லை.

மேசையருகே ஒரு ஆள் நின்று, இதெல்லாம் மொழியா, கெட்டுப்போன போலிஷ்தானே என்று பெர்னாவிடம் வம்பு செய்தான்.

"கெட்டுப்போனதுன்னு தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு மோந்துகிட்டு நிக்கறீங்க? மூக்கைப் பொத்திட்டுப் போங்க" என்றாள்.

அந்த வாய்க்காகத்தான் அவளைக் கட்டினேன்.

லின்கா வயிற்றில் இருந்தபோது ஒரு முடிவு செய்தோம். பள்ளியும் கடையும் தொலைக்காட்சியும் போலிஷைத் தாமாகவே கொண்டுவந்து கொட்டும், அதை நாம் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுக் கதவுக்கு உள்ளே நம் பேச்சு மட்டும். இதை முதலில் சொன்னவள் அவள். எனக்கு இருந்தது ஒரே ஆசை. என் பேச்சு என்னோடு முடிந்துவிடக் கூடாது. வேறு எதையும் நான் யாரிடமும் கேட்டதில்லை.

பள்ளி முற்றத்தில் லின்கா வெள்ளைச் சட்டையும் கருநீலப் பாவாடையுமாக நின்றாள். டீட்டாவைக் கையில் கொடுத்தேன். அது அவளைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"ரொம்ப நல்லாருக்குதுங்கப்பா. சந்தோசமுங்க" என்றாள் எங்கள் பேச்சில்.

எப்போதும் அவ்வளவுதான். ஒரு வரி, இரண்டு வரி, மரியாதையாக. என்னைப்போல அளந்து பேசுகிற பிள்ளை என்று ஆலையில் பெருமையடித்திருக்கிறேன். பெர்னா மற்ற தாய்மார்களிடம் போனாள். லின்கா தோழிகளிடம் ஓடினாள். படம் எடுக்கக் கைபேசியை நீட்டிக்கொண்டு நான் அவள் பின்னால் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"இது கடையில வாங்கினது இல்லடி, எங்கப்பாவே பண்ணது!" போலிஷில் கொட்டிக்கொண்டிருந்தாள். "பசை காயறதுக்குள்ள அது மேலயே உக்காந்துட்டாரு. பேன்ட்ல பின்னாடி மஞ்சளா ஒட்டிக்கிச்சு. அதோடயே வேலைக்குப் போயிட்டாரு! அம்மா சிரிச்சு சிரிச்சு அழுதுட்டா. இப்படித்தான் நடந்து போனாரு, பாரு..."

டீட்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தோளைத் தொங்கப்போட்டு, என்னைப்போல நடந்து காட்டினாள். அச்சு அசல் நான். சுற்றி நின்ற பெண்கள் குனிந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இவ்வளவு பேசுவாளா என்று வியப்புதான் முதலில் வந்தது.

நீல ரிப்பன் கட்டிய ஒருத்தி கேட்டாள், "அவர்கிட்ட மட்டும் ஏன்டி ஒரு மாதிரி பேசற?"

"அதுவா? அது அப்பா முழிச்சிருக்கும்போது பேசறது."

"மத்த நேரம்?"

"மத்த நேரம் எல்லாரும் பேசற மாதிரிதான். நானும் அம்மாவும் எப்பவுமே அப்படித்தான்."

நான் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் லின்கா டீட்டாவோடு தன் அறைக்குள் போய்விட்டாள். பெர்னா அடுப்பில் இரத்தம் அடைத்த குடலைப் பொரிக்கப் போட்டாள். நல்ல நாளுக்கென்று வாங்கி வைத்திருந்தது.

"எப்போலேருந்து?" என்றேன்.

"என்ன எப்போலேருந்து?"

"எங்கிட்ட நடிக்காத பெர்னா. அவகிட்ட எப்போலேருந்து போலிஷ்?"

அவள் திரும்பவில்லை. சட்டியில் இருந்ததைப் புரட்டினாள்.

"பொறந்ததுலேருந்து."

ஒரு வருடம் என்பாள், பாலர் பள்ளியில் சேர்த்த பிறகு என்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"நான் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசைல உக்காந்திருக்கேன் ஆகிம்," என்றாள். "நம்மாளுங்க வாயைத் தொறந்ததும் எதிர்ல இருக்கறவன் மூஞ்சி எப்படி மாறுதுன்னு தெனமும் பாக்கறேன். உனக்கு அது ஒரே ஒரு தடவை நடந்துச்சு. நீ எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்ட. அவளும் அப்படி வந்து நிக்கணுமா?"

"மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினது யாரு? போன மாசம் அவ தோள்ல கொடியச் சுத்தி ஊர்வலத்துக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?"

"அது நமக்காக. இது அவளுக்காக."

"ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்?"

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"பியேட்டருக்குத் தெரியும்" என்றேன், காலையில் அவன் சொன்னது நினைவுக்கு வந்து.

"எல்லாருக்கும் தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா சண்டை போடுவ. சண்டைல நீதான் ஜெயிப்ப, நீதான் நல்லாப் பேசுவியே." இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "ஒண்ணுமே சொல்லித்தரலன்னு நெனைக்காத. நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடி தெனமும் அவளை உக்காரவெச்சு சொல்லிக்குடுத்தேன். அது ஒண்ணும் கஷ்டமா இல்ல. நீ என்ன கேப்பன்னு எனக்குத் தெரியும். பசிக்குதா, நல்லா வெளையாண்டியா, அம்மா பேச்சைக் கேட்டியா. அதைத் தாண்டி நீ ஒரு நாளும் கேட்டதில்ல."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

லின்கா கறுப்பு மிட்டாயால் உதடு கறுத்து உள்ளே வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்தாள். ஏதோ சரியில்லை என்று புரிந்திருக்க வேண்டும். உடனே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் பேச்சுக்கு மாறினாள்.

"வேலை முடிஞ்சு வந்துட்டீங்களாப்பா? களைப்பா இருக்குதுங்களா?"

"லின்கா, அங்க நீல ரிப்பன் கட்டிட்டு ஒரு பொண்ணு இருந்தாளே, அவ யாரு?" என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"பரவால்ல, சொல்லு" என்றாள் பெர்னா, போலிஷில்.

"சாதாரணமாவா?"

"ம். சாதாரணமாவே சொல்லு."

குழந்தை மூச்சை விட்டாள். நாற்காலியில் ஏறி என் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். போலிஷில் அப்பாவை "நீ" என்பார்கள். அவளும் சொன்னாள்.

"அவ பேரு ஒலிவியா. அவ வீட்ல ஒரு கண்ணு மட்டும் இருக்கற நாய் இருக்கு, உனக்குத் தெரியுமா? எனக்கு அதுகிட்ட பயமே இல்ல. ஆனா நம்ம மாடிப்படி இருட்டு இருக்குல்ல, அதுதான் பயம். நீ வேலைக்குப் போனதும் நான் ஜன்னல்ல நின்னு பாப்பேன், நீ டிராம்ல ஏறறது தெரியும். ஒரு தடவை ஏறாம திரும்பி வந்த, எதையோ மறந்துட்டு. எனக்காகத்தான் வந்தேன்னு நெனச்சேன்..."

நிற்காமல் பேசினாள். கையை ஆட்டினாள். நடுவில் தானே சிரித்தாள். ஜன்னல், டிராம், இருட்டு. ஒன்றும் எனக்குத் தெரியாது. அடுத்த வீட்டுக்காரன் பிள்ளை பேசுவதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது எங்கள் பேச்சில் சொன்னேன். என்னிடம் மிச்சமிருந்த வேகத்தோடு, பழகின சொற்களில்.

"உங்கம்மா என்னை ஏய்ச்சுப்புட்டா, லின்கா. உன்னையும்தான்."

அவளுக்குப் புரியவில்லை. யாரும் சொல்லித்தராத சொல்.

"அம்மா, அப்பா என்ன சொல்றாரு?"

பெர்னா என்னைப் பார்த்தாள். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, செய்தி வாசிப்பவளின் சுத்தமான போலிஷில் சொன்னாள்.

"அப்பாவுக்கு ரொம்பத் தூக்கம் வருதாம். போய்ப் படுக்கப் போறாராம்."

எனக்கும் போலிஷ் தெரியும். திருத்தியிருக்கலாம். அதற்கு நானும் அந்த மொழியில் என் மகளிடம் பேச வேண்டும்.

லின்கா இறங்கி வந்து என் கன்னத்தில் முத்தமிட்டாள்.

"நல்லாத் தூங்கு அப்பா" என்றாள்.

போய்ப் படுத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் பேசத் தொடங்கினார்கள்.