நிக்கானோரின் பாதிக் குழல்

மலைமேல் இருக்கும் எல் ஆல்ட்டோ நகரில் மினிபஸ் ஓட்டும் நிக்கானோருக்குச் சில வாரங்களாகத் தூக்கமே இல்லை. படுத்தால் நெஞ்சு படபடக்கும். மூச்சு போதாததுபோல வாயைத் திறந்து இழுப்பார். இழுக்க இழுக்க இன்னும் போதாது. டாக்டர் பார்த்துவிட்டு நெஞ்சு, நுரையீரல் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கீழே இருக்கும் லா பாஸ் நகருக்கு இறங்கும் வளைவில் ஒருநாள் கண் சொருகிவிட்டது. அன்றோடு வண்டியை நிறுத்தினார். ஒழுங்காகத் தூங்காமல் இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று மனைவி விசென்டாவிடம் சொல்லிவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் திருவிழாவுக்கான ஒத்திகை. மூங்கில் குழாய்களை வரிசையாகக் கட்டிய சம்போன்யா குழலை அங்கே யாரும் தனியாக ஊதுவதில்லை. பாதிச் சுரங்கள் ஒருவர் கையில், மீதி ஜோடிக்காரர் கையில். இவர் ஊதும்போது அவர் சும்மா இருக்க வேண்டும். நிக்கானோருக்கு ஜோடி அவருடைய கொழுந்தியாள் கசில்டா.

இரண்டாவது பாட்டிலேயே அவருக்குத் தலை சுற்றியது.

"என்ன அத்தான், சுமை ஏத்தின லாமா மிருகம் மாதிரி இரைக்குது? இந்த மலையில பொறந்தவருக்குக் காத்து பத்தலையா?"

"அடுத்த சுரத்துக்கு வேணுமேடி. முன்னாடியே இழுத்துச் சேர்த்து வச்சுக்கறேன்."

"சேர்த்து வைக்க அது என்ன, காயவச்ச உருளைக்கிழங்கா? நான் ஊதுற நேரம் என்னோடது அத்தான். அதையும் நீங்களே சுமக்கறீங்க. தோளை எறக்குங்க, வாயை மூடிக்கிட்டு சும்மா இருங்க. மூச்சு அதுவா வரும்."

"இவர் வாயை மூடுறதாவது!" என்றான் மத்தளம் அடிக்கும் லூப்பெர்ட்டோ. "விசென்டா அக்கா கேட்டா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தும்."

நிக்கானோரும் சேர்ந்து சிரித்தார். மறுபடி ஊதினார்கள். முதலில் பயமாகத்தான் இருந்தது. பழக்கதோஷத்தில் ரெண்டு தடவை வாயைத் திறந்துவிட்டார். கசில்டா முழங்கையால் இடித்தாள். அப்புறம் அவள் ஊதும்போது இவர் எதுவுமே செய்யாமல் நின்றார். மூக்கு வழியாகக் கொஞ்சமே கொஞ்சம் காற்று வந்தது. போஞ்சோ போர்வைக்குள் வயிறு மெல்ல உப்பித் தணிந்தது. ஆச்சரியம், அதுவே போதுமாக இருந்தது. மூன்றாவது பாட்டு முடிவதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.

இடைவேளையில் வெயில் படும் சுவரோரம் போய் உட்கார்ந்தார். மறுபடி ஆரம்பிக்கும்போது ஆளைக் காணோம். பார்த்தால், தொப்பி மூக்கில் சரிந்திருக்க, வாய் மூடியபடி நல்ல தூக்கம்.

"எழுப்பட்டுமா?" என்றான் லூப்பெர்ட்டோ.

"தொட்டே, மத்தளம் கிழிஞ்சிரும்!" என்றாள் கசில்டா.

தன் பாதியை மட்டும் அவள் ஊதினாள். பாட்டு ஓட்டை ஓட்டையாகக் கேட்டது. யாரும் குறை சொல்லவில்லை. அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்த விசென்டா, புருஷன் தூங்குவதைப் பார்த்துப் பக்கத்திலேயே சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று ராத்திரி படுக்கையில் மூச்சை இழுக்கத் தோன்றியபோதெல்லாம், இப்போது கசில்டாவின் முறை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் கிடந்தார். தூக்கம் வந்தது. அடுத்தடுத்த ராத்திரிகளிலும் வந்தது. அந்த வாரக் கடைசியில் வண்டியை எடுத்தார். ஆமைபோல ஓட்டுகிறார் என்று பயணிகள் திட்டுகிறார்களாம். திட்டிவிட்டுப் போகட்டும் என்கிறார்.