சங்கரா மீன்களின் விரதம்

நிக்கோயா வளைகுடாவில் மிதந்த யெந்த்ரியின் கூண்டுக்குள் ஆயிரத்து இருநூறு சங்கரா மீன்கள் நேற்றிலிருந்து கொலைப்பட்டினி. விரல் நீளக் குஞ்சாக வாங்கிவந்து ஒரு வருஷம் தீனி போட்டு வளர்த்தாள். நாளைக் காலையில்தான் முதல் பிடிப்பு. வயிற்றில் தீனி இருந்தால் மீன் சீக்கிரம் நாறிவிடும். சான் ஹொசே நகரத்து வியாபாரி முதல் மீனைக் கீறிப் பார்ப்பான். வயிறு நிறைந்திருந்தால் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான்.

இன்று பார்த்து கடல் மாதா திருவிழா. ஊரில் புதுப் பெயின்ட் அடித்த படகு யெந்த்ரியுடையது மட்டும்தான் என்று சிலையை அதில் ஏற்றிவிட்டார்கள். மைக்கோடு பாதிரியார் எலாடியோவும் ஏறிக்கொண்டார். பின்னால் இருபது படகு, வெடி, மரிம்பா வாத்தியம்.

"உன் கூண்டையும் மந்திரிச்சிட்டுப் போயிருவோம் புள்ள," என்றார் பாதிரியார்.

"ஐயோ வேணாம் சாமி, அதுங்க..."

அதற்குள் அவள் தம்பி வில்பெர் படகைத் திருப்பிவிட்டான்.

இந்த மோட்டார் சத்தம் கேட்டால் தீனி வரும் என்று பழகிய மீன்கள். கூண்டே கொதித்தது. அத்தனை வாயும் தண்ணீருக்கு மேலே, மாதாவைப் பார்த்துத் திறந்தபடி.

"அற்புதம்! மாதாவக் கும்பிடுதுங்க!" பக்கத்துப் படகில் மிரியா அக்கா அலறினாள். தட்டிலிருந்து எம்பனாடா பலகாரம் ஒன்றைப் பிய்த்து மீன்களுக்கு வீசக் கையை ஓங்கினாள். படகு படகாகக் கைகள் தின்பண்டப் பைகளுக்குள் போயின.

யெந்த்ரி பாதிரியாரின் மைக்கைப் பிடுங்கினாள்.

"யாரும் எதையும் போடாதீங்க! என் மீனுங்க மாதாவுக்கு விரதம்! நேத்துலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல!"

"கடல்ல கெடக்குற மீனுக்கா?" என்றான் வில்பெர்.

"வாய மூடுறா. அது உப்புத்தண்ணி."

வெடி நின்றது. ஓங்கிய கையை மிரியா அக்கா மெல்ல இறக்கினாள். எல்லோரும் பாதிரியாரைப் பார்த்தார்கள். அவர் கன்னம் உப்பியிருந்தது. எப்போது யார் கொடுத்த எம்பனாடாவோ, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார்.

"மீனுக்கு இருக்குற பக்தி நமக்கில்லியே," என்று எங்கிருந்தோ ஒரு குரல். தட்டுகளை மூடினார்கள். ஒரு துணுக்குகூடத் தண்ணீரில் விழவில்லை.

பாதிரியார் ஒருவழியாக விழுங்கிவிட்டுத் தீர்த்தம் தெளித்தார். மீன்கள் அதையும் தீனி என்று பாய்ந்து ஏமாந்தன.

"விரதம் எப்ப முடியுது புள்ள?"

"நாளைக்குக் காலையில சாமி."

"பாவம். முடிஞ்சதும் என்ன சாப்பிடும்?"

"அதுங்க எங்க சாமி சாப்பிடுறது? அதுங்களத்தான் சாப்பிடுவாங்க."