வலது தோளிலிருந்து பதினாறு அடி

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளரின் வலது தோளில் கண்ணுக்குத் தெரியாத இறக்கை ஒன்று முளைத்திருப்பது, பக்கத்து வீட்டு அலமாரியிலிருந்த ஏழு கண்ணாடி டம்ளர்களும் விழுந்து நொறுங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தெரியவந்தது. அவர் தன் வீட்டில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே திரும்பியிருக்கிறார், அவ்வளவுதான். சுவர் அந்த இறக்கையைத் தடுக்கவில்லை. சுவருக்கு அப்பால் இருந்தவற்றைத்தான் அது தட்டியது. அவருடைய மனைவி அவரை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், தோளிலிருந்து வரிசையாக ஈரத்துணிகளைக் காற்றில் காயப்போட்டுப் பார்த்தாள். கடைசித் துண்டு மட்டும் நிற்காமல் கீழே விழுந்தது. டேப்பை வைத்து அளந்துவிட்டு, "பதினாறு அடிங்க," என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. பயிற்சிப் பள்ளியின் இரண்டு இருக்கை விமானத்துக்கு நடுவிலிருந்து இறக்கை நுனி வரை அதே பதினாறு அடிதான் என்பது அவருக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருஷம் ஆகாயத்தில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர், டம்ளர்கள் விழுவதற்குச் சில வாரம் முன்பு, நல்ல வெயிலில், தரையில், ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் போய் இடித்தார். ரன்வேக்குப் போகும் பாதையில் விமானத்தை உருட்டிக்கொண்டு போகையில் ரேடியோவைத் திருகுவதற்காகக் குனிந்தார். நிமிர்வதற்குள் வலது இறக்கை நுனி, கிளைப்பாதையில் மஞ்சள் கோட்டருகே தன் முறைக்காகக் காத்திருந்த இன்னொரு சிறு விமானத்தின் வாலைக் கிழித்துவிட்டது. அதில் தனியாக உட்கார்ந்திருந்தவள் அவருடைய மாணவி. மருந்துக்கடை வைத்திருப்பவள், முப்பத்தெட்டு வயதில் பறக்க ஆசைப்பட்டு வந்தவள். யாருக்கும் அடிபடவில்லை. யாரும் அளந்து பார்ப்பதற்குள் இரண்டு விமானங்களையும் இழுத்து ஓரங்கட்டிவிட்டார்கள். விசாரணையில் அவர், அவள் கோடு வரை போகாமல் ரொம்பவும் முன்னாலேயே நிறுத்திவிட்டாள், வால் பின்னால் அவர் வந்த பாதையில் நீட்டிக்கொண்டிருந்தது என்று சொன்னார். வாயிலிருந்து அது தண்ணீர் மாதிரி வந்தது. வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பிவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை வீடு தேடி வந்தாள். "என்னால உங்க பேரு கெட்டுப்போச்சு சார். மன்னிச்சிடுங்க. நான் இனிமே வரல." அவர் அவளை உட்காரக்கூடச் சொல்லாமல், "பரவாயில்லம்மா, இனிமேலாவது கவனமா இருங்க," என்றார். மறுநாள்தான் டம்ளர்கள் விழுந்தன.

அதன்பிறகு எட்டு மாதம் அவர் ஊருக்குள் பக்கவாட்டில் நடந்தார். வங்கி வரிசையில் திரும்பினால் நாலு பேருடைய மூக்குக்கண்ணாடி போனது. பேருந்தில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறங்கினார். முடிவெட்டுபவர் அவரை வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பதினாறு அடி தள்ளி நிற்கிற, முன்பின் தெரியாத ஆட்களிடமெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து தடவை மன்னிப்புக் கேட்டார். கேட்கவேண்டிய ஒருத்தியிடம் மட்டும் கேட்கவில்லை. மருந்துக்கடை இருக்கிற தெருவை விட்டுவிட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். ஒருநாள் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்குது. நேராப் போயிட்டு வந்திடுங்களேன்," என்றாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க அவருக்கு முகமில்லை.

போனார். ஆனால் கடை முழுக்கக் கண்ணாடிப் புட்டிகள். உள்ளே கால் வைக்க முடியாது. அதனால் எதிர்ச்சாரியில், சைக்கிள் கடை வாசலில் நின்றுகொண்டு, வண்டிச் சத்தத்துக்கு மேலே குரலெடுத்துச் சொல்லவேண்டியதாயிற்று.

"நீங்க சரியாத்தான் நிறுத்தியிருந்தீங்கம்மா. நான்தான் குனிஞ்சிருந்தேன். பொய் சொல்லிட்டேன்."

"என்ன சார்? கேக்கல," என்றாள் அவள், கல்லாவிலிருந்து.

மறுபடி சொன்னார், இன்னும் சத்தமாக. சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்தினார். மருந்து வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் காது மடல் வரை எரிந்தது. அவள் வாசலுக்கு வந்து நின்று அவரையே பார்த்தாள்.

"எட்டு மாசமா தூக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டிருக்கேன் சார்," என்றாள். பிறகு உள்ளே போய், சீட்டை வாங்கி அடுத்தவருக்கு மருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அவர் அன்றே விசாரணை அதிகாரிக்கு எழுதினார். உரிமம் ஒரு வருஷத்துக்குப் போனது. வாத்தியார் வேலை நிரந்தரமாகப் போனது. வீட்டுக்கு வந்து மொட்டைமாடியில் துண்டைப் போட்டுப் பார்த்தார். அது அந்தரத்தில் ஆடாமல் தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் அலமாரியை எதிர்ச்சுவருக்கு மாற்றிக்கொண்டார். மனைவி அவருக்கு இடப்பக்கமாகவே நடக்கப் பழகினாள். வருஷம் முடிந்ததும் பயிற்சிப் பள்ளி அவரை விமானங்களைக் கழுவித் துடைக்கும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது.

மருந்துக்கடைக்காரி வேறொரு வாத்தியாரிடம் படித்து உரிமம் வாங்கினாள். அவரோடு அவள் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் விமானத்துக்குப் போகும் வழியில், அவருக்கு வலப்பக்கம் வரும்போது மட்டும், வெறும் வெயிலில் தலையைக் குனிந்து கடப்பாள். அவள் கடந்து முடிகிறவரை அவர் ஈரத்துணியும் கையுமாக அசையாமல் நிற்பார்.