நான்கு விநாடிச் சிவப்பு

என் வாய்க்குப் பூட்டு கிடையாது. வகுப்பில் தூங்குகிறவனை எழுப்புவதற்கு மட்டும்தான் அது பயன்படும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அந்த வாயால்தான், கட்டுமானப் பொறியியல் இரண்டாம் ஆண்டு வகுப்பில், அறுபது பேர் முன்னால் ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கினேன்.

கணக்குப் போடும்போது அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். அதனால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் முணுமுணு. அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

எங்கள் துறையில் கரும்பலகை போய் மூன்று வருடம் ஆகிறது. ஆளுக்கொரு டேப்லெட், ஆளுக்கொரு பேனா. நான் வரைகிற உத்தரம், அதாவது பீம், அறுபது திரையிலும் வரும். அவர்கள் எழுதுவது என் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். ஒரு கட்டத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் விரியும். அந்த மாணவரின் திரை மூலையில் ஒரு கண் படம் எரியும். மேடம் பார்க்கிறார் என்று அர்த்தம். கண் எரிந்ததும் பலர் நெளிவார்கள். முணுமுணு மட்டும் அதன் பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வரைந்துவிட்டுக் கணக்கைத் தொடர்வாள். இந்தத் திட்டம் வேண்டும் என்று துறைத்தலைவரிடம் ஒற்றைக் காலில் நின்றவள் நான்தான்.

பருவத் தேர்வையும் அதிலேயே வைத்தோம். முடிவு வந்த அன்று அவள் எழுந்து நின்றாள். ஐம்பது எடுக்க வேண்டிய தாளில் நாற்பத்தாறு. அந்தத் தாளில் தேறாவிட்டால் மூன்றாம் ஆண்டுக்குப் போக முடியாது.

"மேடம், ஏழாவது கணக்குல நான் முதல்ல மைனஸ்தான் போட்டேன். நீங்க சிவப்புல தப்பு போட்டீங்க. அதனாலதான் மாத்தினேன்."

"பரீட்சை நடக்கும்போது நான் எதுக்கும்மா திருத்தப் போறேன்?"

"போட்டீங்க மேடம். உடனே அழிச்சிட்டீங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். நீ கூடத்தோட சேத்து என்னையும் கோணல்ங்கிறியா?"

வகுப்பே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். உதடு அசையவில்லை.

அதோடு நான் விட்டேனா? அவள் துறைத்தலைவரிடம் எழுத்தில் புகார் கொடுத்தாள் என்று தெரிந்ததும் எனக்கு எழுத்திலேயே மன்னிப்பு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். டேப்லெட்டில் எல்லாம் பதிவாகும், எடுத்துப் பார்க்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருட உத்தியோகம் என் சொல்லையே ஆதாரமாக்கிவிட்டது.

மூன்றாம் நாள் மன்னிப்புக் கடிதம் வந்தது. டேப்லெட்டிலேயே கையால் எழுதி அனுப்பியிருந்தாள். 'நான்தான் தவறாக நினைத்துவிட்டேன். மன்னியுங்கள்.' இரண்டே வரி. யாராவது சொல்லிக்கொடுத்து எழுதினாளா என்று பார்க்கும் கெட்ட புத்தியில் பக்கத்தின் அடியில் இருந்த முக்கோணத்தை அழுத்தினேன். அதை அழுத்தினால் பேனா நகர்ந்தது நகர்ந்தபடியே திரும்ப ஓடும். எழுதியது, அழித்தது எல்லாம் வரும்.

முதலில் 'நான் பொய் சொல்லவில்லை' என்று வந்தது. அழிந்தது. மறுபடி அதே வரி வந்தது. அழிந்தது. பிறகு பேனா வெகுநேரம் அசையவில்லை. அப்புறம் மெதுவாக ஒரு நீண்ட வரி: 'மேடம் எனக்கு ரகசியமாக உதவி செய்கிறார் என்று நினைத்தேன். அதனால்தான் அப்போதே கேட்கவில்லை.' அதுவும் அழிந்தது. கடைசியில்தான் அந்த இரண்டு வரி.

உடனே அவளுடைய தேர்வுத் தாளைத் திறந்து முக்கோணத்தை அழுத்தினேன்.

ஏழாவது கணக்கு ஓர் உத்தரம். இரண்டு தாங்கிகள், வலது தாங்கியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் பாரம். தாங்கி என்றால் மேலே தள்ளத்தான் செய்யும் என்று நினைக்கிறவர்கள் இதில் விழுவார்கள். இங்கே முனை தாழ்வதால் இடது பக்கம் எழும்பப் பார்க்கும். அதனால் இடது தாங்கி கீழே பிடித்து இழுக்க வேண்டும். விடை கழித்தல் பத்து. அவள் கழித்தல் பத்து என்றுதான் எழுதினாள், தயங்காமல். நாற்பத்தோராவது நிமிடத்தில் அதன்மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி விழுந்தது. நான்கு விநாடி இருந்தது. போய்விட்டது. அவள் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கழித்தலை அழித்துவிட்டுக் கூட்டல் போட்டாள். அதற்குக் கீழே இருந்ததெல்லாம் சரிந்தது.

சிவப்பு மை என் பேனாவுக்கு மட்டும்தான் உண்டு.

அப்போதுதான் நினைவு வந்தது. தேர்வு நேரத்தில் சும்மா உட்கார முடியாமல், திரையைப் பாதியாகப் பிரித்து, ஒரு பக்கம் இவர்கள் தாளையும் மறுபக்கம் முதலாம் ஆண்டின் பயிற்சித் தாளையும் வைத்துக்கொண்டு திருத்தினேன். தேர்வின்போது என் பேனா படாதபடி மாணவர் பக்கங்களைப் பூட்டிவைக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. முதலாம் ஆண்டின் தாளில் போட வேண்டிய குறி இவள் தாளில் விழுந்தது. சட்டென்று நீக்கினேன். அதை மறந்துபோனேன் என்பது உண்மைதான். மறந்தது எனக்கு வசதியாக இருந்தது என்பதும் உண்மை.

துறைத்தலைவர் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மேடம், இது வெளிய போச்சுன்னா அறுபது பேரும் மறுபரீட்சை கேப்பாங்க. டேப்லெட் திட்டத்துக்கு அன்னைக்கே மூடுவிழா. நாலு மார்க் கருணை மதிப்பெண் போட்டு விடுங்க. பொண்ணு பாஸ். உங்க பேரும் கெடாது."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஆட்டினேன்.

மறுநாள் காலை அடுப்படியில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தார்.

"நான் ஒருத்தருக்குத் தப்பான பவர் எழுதிக் குடுத்துட்டேன்னு வை. தலைவலிக்குதுன்னு வந்து நிக்கிறார். உங்க கண்ணுலதான் கோளாறுன்னு அனுப்பிடுறேன். அப்புறம் பாவம்னு அதே பவர்ல இன்னொரு கண்ணாடி இலவசமா குடுத்தா சரியாயிடுமா?"

"அதே பவர்லயா?"

"கருணைன்னா தப்பு அவமேலன்னுதானே அர்த்தம்?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வகுப்பு அவர்களுக்குத்தான். அவள் மூன்றாவது வரிசையில், வழக்கமான இடத்தில் இருந்தாள். தேர்வுத் தாளை ஓட்டிக் காட்டட்டுமா என்று அவளிடம் மட்டும் தனியாகக் கேட்டேன். "உங்க இஷ்டம் மேடம்" என்றாள். பெரிய திரையில் போட்டேன். கழித்தல் பத்து வந்தது. சிவப்புக் குறி விழுந்தது. போனது. கூட்டல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"இந்தச் சிவப்பு என்னோடது. அவ சொன்னது உண்மை. பொய் சொன்னது நான். எல்லார் முன்னாடியும் சிரிக்க வச்சேன், அதனால எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன்."

கடைசி வரிசையில் ஒருவன் மெதுவாகக் கேட்டான். "அப்ப எங்களுக்கு மறுபரீட்சையா மேடம்?"

"இருக்கலாம்."

ஐம்பத்தொன்பது பேரும் என்னைப் பார்ப்பதை விட்டு அவளைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையையும் நான்தான் அவளுக்கு வாங்கிக்கொடுத்தேன். அவள் மேசையைப் பார்த்தபடி சொன்னாள், "அந்தச் சிவப்பு உங்களோடதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம்."

மறுபரீட்சை வரவில்லை. வெளியிலிருந்து ஒருவரை அழைத்து அவள் தாளை மட்டும் மறுபடி திருத்த வைத்தார்கள். ஐம்பத்தேழு வந்தது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அதற்கு நான் தகுதியானவள்தான். துறைத்தலைவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். அறுபது கட்டங்களிலும் பேனாக்கள் நகர்ந்தன. அவள் கட்டத்தைத் தொட்டேன். பாதிக் கணக்கு ஓடியிருந்தது, அழகாக. கண் எரிந்திருக்கும். அவள் பேனா நின்றது.

சிரித்த முகத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பேனாவைத் திரைக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் பிடித்தபடி, அவள் திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தை மூடினேன். சின்னக் கட்டத்துக்குள் அவள் எழுத்து மறுபடி நகர ஆரம்பித்தது. ஒரு நிமிடம் கழித்து மறுபடி தொட்டுப் பார்த்தேன். நின்றது.

மூடிவிட்டு என் பேனாவை மேசையின் இழுப்பறைக்குள் வைத்தேன். வகுப்பு முடியும்வரை எந்தக் கட்டத்தையும் தொடவில்லை. அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.