நாற்பத்தெட்டுக் காய்கள்

கேம்பிரிட்ஜ் கணிதத் துறையின் தேநீர் அறைக்குள் நுழைந்ததும் ஹெஸ்டரின் கண் பலகைக்குத்தான் போனது. காலையில் அவள் பரப்பி, நகர்த்திப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போன நாற்பத்தெட்டுக் காய்களும் வைத்த கட்டத்திலேயே இருந்தன. ரூபர்ட் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தான்.

"நான் வகுப்புக்குப் போனதும் நீ கையே வைக்கல, இல்ல?"

"பதினாறு சுத்து போட்டேன். முதுகு ஒடிஞ்சுபோச்சு. பழைய இடத்துக்கே வந்து நின்னா நான் என்ன பண்ண?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறான் என்று பொருமியபடி அவளே உட்கார்ந்தாள். விதி எளியது. சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் இரண்டோ மூன்றோ காய் இருந்தால் ஒரு காய் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக மூன்று இருந்தால் அங்கே புதிது பிறக்கும். முதல் சுற்றில் ஐம்பத்தாறு காய்கள் ஆயின. இரண்டாவதில் எழுபத்திரண்டு. மூன்றாவதில் மறுபடி நாற்பத்தெட்டு, அச்சு அசலாகக் காலையில் வைத்த உருவம்.

ஹெஸ்டருக்கு முகம் சிவந்தது. பாவம், நிஜமாகவே உழைத்திருக்கிறான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"எத்தனை சுத்துன்னு சொன்னே?"

"பதினாறு. எண்ணி எண்ணிப் போட்டேன்."

"பதினஞ்சுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன், ரூபர்ட். பதினாறாவதுல இங்க ஐம்பத்தாறு காய் இருந்திருக்கணும்."

ரூபர்ட்டின் பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.