பலகையில் ஒரு பச்சை முகம்

எனக்கு வரையத் தெரியாது. சுத்தியலைத் தூக்கினால் விரலில்தான் விழும். ஆனாலும் சங்கரன்கோவிலில் ‘குற்றாலநாதன் ஆர்ட்ஸ்’ என்று என் பேரில் கடை வைத்து, மூன்று கலைஞர்களைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அது சரி, நீங்கள் என்ன செய்வீர்கள்? கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்திரண்டில் வைத்தியலிங்க அண்ணாச்சி ரத வீதியில் சேலைக்கடை கட்டினார். பெயர்ப்பலகை, முகப்பு வளைவு, விளக்கு அலங்காரம், திறப்புவிழாச் சேலைக்குப் புது பார்டர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுக்க நினைத்தார். ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் முடிய வேண்டும். முதலில் ஆட்களைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். இந்த வேலை கைநழுவினால் ‘சும்மா நிற்கிறவன்’ என்ற பெயர் எனக்கு நிலைத்துவிடும். அந்தப் பயத்தில், எங்கள் நால்வர் முகத்தையும் எழுதி வாசலில் ஒரு பலகை வைக்கச் சொன்னேன். அங்கேதான் கோட்டைவிட்டேன்.

எழுதியவன் ஏசுவடியான். பத்து வருஷம் சினிமா பேனர் எழுதிய கை. நாயகன் என்றால் ரோஸ் முகம், வில்லன் என்றால் பச்சை முகம். அவனுக்கு வேறு மனிதர்களே கிடையாது. கட்டத்தாளில் சேலை டிசைன் போடும் சுந்தரம்மாளுக்கு ஐம்பது வயது. பலகையில் நெற்றிச் சுருளோடு பதினெட்டாகச் சிரித்தாள். சீரியல் பல்பு கட்டும் கபீர் நோஞ்சான். அவனுக்குப் புஜம் புடைத்திருந்தது. ஏசுவடியான் தன்னை நடுவில், எல்லோரையும்விடப் பெரிதாகப் போட்டுக்கொண்டான். மூலையில் நான். பச்சையாக, ரத்தச் சிவப்புக் கண்ணோடு, பல்லைக் கடித்துக்கொண்டு.

கத்தித் தீர்த்தேன்.

“நீங்க வையும்போது இப்படித்தான் இருக்கீய,” என்றாள் சுந்தரம்மாள், நிதானமாக.

அழிக்கத் துணியை எடுப்பதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். மூவரையும் ஒவ்வொருவராக அறிமுகம் செய்தேன். தலையை ஆட்டியபடி அவர் பலகையையே பார்த்தார்.

“இந்தப் பச்ச மூஞ்சி ஆருவே?”

ஏசுவடியான் முந்தினான்.

“எங்க மொதலாளிதான் அண்ணாச்சி. இவுக வையலன்னா எங்களுக்குக் கை ஓடாது.”

அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்கு வேறொரு கடையில் சொல்லியிருந்த அலங்கார வளைவு, கல்யாணம் முடிந்த மறுநாள்தான் வந்து சேர்ந்ததாம். அங்கே கலைஞர்கள் ஆறு பேர் இருந்தார்களாம், வைவதற்கு ஓர் ஆள் இல்லையாம். வேலை எங்களுக்கே என்றார். பெருமையில் எனக்கு நெஞ்சு விம்மியது. போகிற போக்கில் அவர் திரும்பினார்.

“கட்டடத்துக்குத் திருஷ்டிப் படம் ஒண்ணு மாட்டணும். இந்த மூஞ்சியவே பெருசா எழுதிருங்க.”

மறுவாரம் ரத வீதியில் ஏழடி உயரத்துக்குத் தொங்கினேன். கபீர் தன் பங்குக்குக் கண்ணில் இரண்டு சிவப்பு பல்பு வைத்தான். மானம் போனது. குனிந்த தலை நிமிராமல் போய்விடத்தான் நினைத்தேன். ஒருமுறை அண்ணாந்து பார்த்ததும் பொறுக்கவில்லை.

“ஏலே, எடது புருவம் எறங்கிக் கெடக்கு. இதப் பாத்து எவம்லே பயப்படுவான்? ஏத்துலே.”

ஏசுவடியான் சாரத்தில் ஏறிப் புருவத்தை ஏற்றினான். வீதியில் ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தை அதைப் பார்த்து அழுதது. பிறகு கீழே என்னைப் பார்த்தது. இன்னும் சத்தமாக அழுதது. சரியாக வந்துவிட்டது என்றார் அண்ணாச்சி.

அதற்குப் பிறகு, நான் என்ன செய்வேன் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை.