இருமலுக்குக் காத்திருந்த போன்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதிலும் அளவு கிடையாது. நேற்று வரைக்கும் கக்கூசுக்குக்கூடப் போனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு என்னடாவென்றால், கல்யாணத்துக்கு வருகிறவன் போனைத் தொடவே கூடாதாம். பிடித்தால் குரங்குப் பிடி, விட்டால் ஒரேயடியாகத் தலைமுழுக்கு. நடுவில் ஒரு இடம் இருக்கிறது என்பதே இவர்களுக்குத் தெரியாது என்று சந்தேகத்தார் முணுமுணுத்தார்.

சந்தேகத்தார் என்பது லாரி ஷெட்டில் வைத்த பெயர். டீசல் முள் எதைக் காட்டினாலும், டேங்கில் குச்சி விட்டு டீசலைப் பார்க்காமல் அவர் வண்டியை எடுத்ததில்லை. அப்படிப்பட்டவரிடம்தான் இளைய மகள், கல்யாணப் பெண், அந்த வேலையைக் கொடுத்தாள்.

"பதிவாளர் வந்ததும் நீங்க எழுந்து சொல்லணும்ப்பா, எல்லாரும் போனை உள்ள வைங்கன்னு."

"ஏன், மைக்குக்கு என்ன கேடு?"

"மைக்குக்கு யாருப்பா பயப்படுறா?"

"எடுக்கறவன் எடுத்துட்டுப் போறான். உனக்கு எங்க வலிக்குது?"

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். "அக்கா கல்யாணத்துல நான் அவ பக்கத்துலயே நின்னேன்ல? எதிர்ல ஒரு முகம் இல்லப்பா. எல்லாம் போனோட முதுகு. அவ உங்களைத் தேடினா. நீங்க அத்தனை கைக்குப் பின்னாடி எங்கேயோ மாட்டிக்கிட்டீங்க."

"என் மூஞ்சியைத்தான் தினம் பாக்குறீங்களே. அன்னைக்கு மட்டும் அதுல என்ன முளைச்சுடப் போகுது?"

"எனக்கு வேணும்ப்பா. படமெல்லாம் முடிஞ்சப்புறம் எடுத்துக்கலாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு, அன்று சாயங்காலமே தன் அக்கா மகனின் வெல்டிங் பட்டறைக்குப் போனார்.

அவருக்குப் படம் வேண்டும். காரணம் இருந்தது. அவருடைய கல்யாணத்தில் போட்டோக்காரர் எடுத்தது ஒரே படம். சரியாக அந்த நேரம் பார்த்து, சாட்சிக் கையெழுத்துப் போட வந்த தாய்மாமன் குறுக்கே குனிந்துவிட்டார். மாப்பிள்ளை இருக்கிறார், மேசை இருக்கிறது, பெண் இருக்க வேண்டிய இடத்தில் மாமாவின் வழுக்கை பளபளக்கிறது. "நான் கட்டிக்கிட்டது எங்க மாமா மண்டையைத்தான்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார். மனைவியும் கூடவே சிரித்தாள். அவள் முகம் முதன்முதலாகப் படத்தில் விழுந்தது அடையாள அட்டைக்காக. அதுவும் நாற்பது வயதுக்கு மேல், பல்வலியோடு.

அவள் போன பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது. கண்ணை மூடினால் கல்யாணப் புடவை வருகிறது, அந்தப் பழைய அறை வருகிறது. புடவைக்கு மேலே மட்டும் கடைசி நாளில் படுக்கையில் பார்த்த முகம். இளவயது முகம் எங்கே போய் ஒளிந்ததோ, எவ்வளவு துழாவியும் அகப்படவில்லை. மூத்தவள் அவரையே உரித்து வைத்தவள், பாவம். இளையவள் அம்மா ஜாடை. இந்த முகமாவது கையில் நிற்கட்டும் என்றிருந்தது அவருக்கு.

"நீங்களே தடை போட்டுட்டு நீங்களே எடுக்கச் சொல்றீங்களா மாமா?" என்றான் வெல்டர்.

"தடை ஊருக்கு. உனக்கு இல்ல. போனைக் கேமரா வெளிய தெரியுற மாதிரி சட்டைப் பையில வை, மேல கைக்குட்டையைப் போட்டுக்க. நான் இருமினா கைக்குட்டையை இழுத்துட்டு அமுக்கு."

"முடிஞ்சப்புறம் நிக்க வச்சு எடுத்தா ஆகாதா?"

"அது போட்டோவுக்குக் காட்டுற பல்லுடா. எனக்கு அது எதுக்கு?"

"மாட்டிக்கிட்டா?"

"நீதான் மாட்டுவ. எனக்குப் போனை நோண்டத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும்."

கல்யாணத்தன்று கூடம் நிறைந்திருந்தது. பதிவாளர் வந்து உட்கார்ந்ததும் சந்தேகத்தார் எழுந்தார். "எல்லாரும் போனைப் பையில போடுங்க. பை இல்லாதவங்க அதுமேலயே உக்காருங்க."

பின்வரிசையில் ஒருவன், "அவசரமா போன் வந்தா பெரியப்பா?" என்றான்.

"உனக்கு எவன்டா அவசரமாப் பேசப் போறான்? திட்டுறதுக்கு உன் பொண்டாட்டி பக்கத்துலயே இருக்காளே!"

கூடம் சிரித்து அடங்கியது. அதன் பிறகு வந்த அமைதி அவருக்குப் பழைய அமைதியாக இருந்தது. கைக்கு வேலையில்லாமல் ஜனங்கள் மூக்கைச் சொறிந்தார்கள், கொட்டாவி விட்டார்கள், யார் யாருக்கு நரைத்திருக்கிறது என்று பார்த்தார்கள். அவருடைய கல்யாண அறையும் இப்படித்தான் இருந்தது. வெளியே மழை. மூலையில் சொட்டச் சொட்டக் குடைகள். பேனா எழுதவில்லை என்று தாய்மாமன் அதை உதறு உதறென்று உதறிக்கொண்டிருந்தார்.

பதிவாளர் கேட்டதற்கு மகள் "சம்மதம்" என்றாள். தலையை நிமிர்த்தினாள். அவசரமில்லாமல் வரிசை வரிசையாக ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தாள். சந்தேகத்தாருக்குத் தொண்டை வரைக்கும் இருமல் வந்துவிட்டது. கை வாய்க்குப் போனது.

அவள் கண் அவரிடம் வந்தது. சிரிப்பை அடக்க, கீழுதட்டின் ஓரத்தை உள்ளே மடித்துக் கடித்தாள்.

அதே மடிப்பு. மாமாவின் மண்டைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, அன்றைக்கு மனைவியும் இப்படித்தான் உதட்டைக் கடித்தாள். சுருக்கமில்லாத கன்னம், நெற்றியில் ஒட்டிய ஈர முடி, பேனாவைப் பார்த்து வந்த சிரிப்பு. எல்லாம் சேர்ந்து வந்து எதிரே நின்றது.

இருமினால் கை முகத்தை மறைக்கும். பெண் தேடி வந்த இடத்தில் ஒரு புறங்கைதான் இருக்கும். அவர் கையைக் கீழே இறக்கினார். இருமலை விழுங்கினார். கண்ணில் நீர் முட்டியது. அவள் பார்த்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போனாள்.

கையெழுத்து முடிந்ததும் வெல்டர் பாய்ந்து வந்தான். "என்ன மாமா, கைக்குட்டையைப் பிடிச்சபடியே உக்காந்திருந்தேன்! ஏன் இருமல?"

"தொண்டை நல்லா இருந்துச்சு. போடா."

அதற்குள் அத்தனை போன்களும் வெளியே வந்துவிட்டன. மகள் நடுவில் நின்று எல்லாப் பக்கமும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"பார்த்தீங்களாப்பா? இப்பவாவது ஒத்துக்கறீங்களா, இதுதான் நல்லதுன்னு?"

"ஒத்துக்கல. இன்னைக்கு நிக்குது. அடுத்த வருஷமும் நிக்கும்னு யாரு கையெழுத்துப் போட்டுத் தருவா?"

"எது நிக்குது?"

"ஒண்ணுமில்ல, போ. கூப்பிடுறாங்க பாரு."

"நீங்களும் வந்து நில்லுங்கப்பா. ஒரே ஒரு படம்."

"அப்புறம் வரேன்."

அந்தப் பல்லை இன்னும் கொஞ்சம் பார்த்தால், உள்ளே நிற்கிற முகம் கலைந்துவிடும். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். எதிரே வந்த தெரிந்தவர் ஒருவர், "கல்யாணம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். சந்தேகத்தார் அந்த முகத்தைப் பார்க்காமலே கையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார். இருமலுக்குக் காத்திராமல் அந்த வெல்டர் பயல் ஒரு படம் எடுத்திருந்தால் யார் குடி முழுகியிருக்கும் என்று திட்டிக்கொண்டே போனார்.